முதலில் கப்பலில் உங்கள் வேலை என்ன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல மேசையில் பகடை உருட்டி ஆடும் கதைவிளையாட்டுகளில், புது கேம்பெய்ன் (பல நாள் ஆடும் தொடர்கதை) கடலில்தான் என்று கதையை நடத்தும் டிஎம் சொன்னதும், மேசையைச் சுற்றி இருப்பவர்களில் பாதிப்பேர் யோசிக்காமல் கேரக்டர் ஷீட்டில் ரோக் என்று எழுதிவிடுவார்கள். கொள்ளைக்காரன் என்றால் திருடன், திருடன் என்றால் ரோக், அவ்வளவுதான் கணக்கு. ஒரு கப்பலில் நான்கு ரோக் ஏறியபின் பாயைத் திருப்ப யார், காயத்துக்குக் கட்டுப்போட யார், எதிர்க்கப்பலின் கேப்டனிடம் பேச யார் என்ற கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். கதை கரையைத் தாண்டுவதற்குள் உற்சாகம் பாதி வடிந்துவிடும்.

கடற்கொள்ளை ஒரு தொழில். கிளாஸ் என்பது ஆபத்து வரும்போது உங்கள் கேரக்டர் அதை எப்படிச் சமாளிக்கிறது என்பது. இரண்டும் வேறு. அதனால் எந்த கிளாஸ் என்று கேட்பதற்கு முன்னால் கப்பலில் என்ன வேலை என்று கேட்டுக்கொள்ளச் சொல்வேன். வேலை தெரிந்துவிட்டால் கிளாஸ் பெரும்பாலும் தானாக வந்து நிற்கும்.

விளையாட்டின் வரலாற்றையே பாருங்கள். 1974-ல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் (சுருக்கமாக டி அண்ட் டி) கடற்கொள்ளையர்கள் ஆட்டக்காரர்களுக்கான கிளாஸ் இல்லை. எதிரிகளின் பட்டியலில், கொள்ளைக்கூட்டத்தார், நாடோடிகள் ஆகியோரோடு அவர்களும் இருந்தார்கள். வெகுகாலம் கழித்துத்தான் அவர்கள் ஆட்டக்காரர்கள் பக்கம் வந்தார்கள். அதே வகை இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு இதை எனக்குப் பிடித்த விதத்தில் தீர்த்தது. 2020-ல் வந்த அதன் கூடுதல் விதிநூலில் ஸ்வாஷ்பக்ளர், அதாவது துணிச்சலான வாள்வீச்சுக்காரர், ஒரு தனி கிளாஸ். பைரேட் (கடற்கொள்ளையர்) என்பதோ ஆர்க்கிடைப், அதாவது எந்த கிளாஸ்காரரும் மேலே போட்டுக்கொள்ளக்கூடிய சட்டை. மந்திரவாதியும் போட்டுக்கொள்ளலாம், சாமியாரும் போட்டுக்கொள்ளலாம். ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டியில் அந்த இடத்தில் இருப்பது பேக்ரவுண்ட், அதாவது கேரக்டரின் பழைய வாழ்க்கை. 2014 விதிநூலில் செய்லர் (மாலுமி) பேக்ரவுண்டின் மாற்றுவடிவமாக பைரேட் வருகிறது. அத்லெடிக்ஸ் (உடல்வலுத் திறமை), பெர்செப்ஷன் (கவனிக்கும் திறமை), கடலோடிக் கருவிகள், படகு ஓட்டத் தெரிந்திருப்பது எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். கூடவே பேட் ரெப்யூட்டேஷன் என்று ஒன்று. சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் போனாலும், ஒரு கதவை உடைத்தாலும், உங்கள் பேருக்குப் பயந்து ஊர்க்காரர்கள் புகார் கொடுக்க மாட்டார்கள். கடல் இப்படி பேக்ரவுண்டிலேயே வந்துவிடுவதால், கிளாஸை வேறு காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது.

சரி, கப்பலில் என்னென்ன வேலைகள் இருந்தன? நிஜமான கொள்ளைக்கப்பல்களைப் பார்ப்பதுதான் நல்ல வழி. 1722-ல் இறந்த பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் எழுதிவைத்த விதிகள் இருந்தன. கேப்டனுக்கும் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த குவார்ட்டர்மாஸ்டருக்கும் இரண்டு பங்கு. மாஸ்டர் (கப்பலைச் செலுத்துபவர்), போசன் (பாய், கயிறுகளைப் பார்ப்பவர்), பீரங்கிக்காரர் மூவருக்கும் ஒன்றரைப் பங்கு. மற்ற அதிகாரிகளுக்கு ஒன்றேகால். இசைக்கலைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, மற்ற நாட்களில் கூப்பிட்டால் வாசித்தே ஆக வேண்டும். கை கால் இழந்தவருக்குப் பொதுப்பணத்திலிருந்து 800 வெள்ளிக்காசு. காசு வைத்துப் பகடை ஆடக்கூடாது என்றும் ஒரு விதி, பகடையை வைத்து இந்த விளையாட்டை ஆடும் நமக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். இந்தப் பங்குக் கணக்கை அப்படியே உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து பாருங்கள். தங்கம் பிரிக்கும் நேரம் வெறும் வகுத்தல் கணக்காக இல்லாமல் கதையாகிவிடும்.

அந்தப் பட்டியலில் திருடன் என்று ஒரு வேலையே இல்லை, கவனித்தீர்களா? பீரங்கி, பாய், கணக்கு, இசை இவைதான் இருக்கின்றன. கைப்பற்றிய கப்பல்களிலிருந்து கொள்ளையர்கள் வலுக்கட்டாயமாகப் பிடித்துப்போன ஆட்களும் பெரும்பாலும் தச்சர்களும் வைத்தியர்களும்தான். கத்தி சுழற்றத் தெரிந்தவர்கள் கப்பல் நிறைய இருந்தார்கள். ஓட்டையை அடைக்கத் தெரிந்தவர்தான் அரிது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்வாஷ்பக்ளருக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது அதைத்தான். ஐந்தாம் பதிப்பில் ரோக்கின் இந்தத் துணைக்கிளாஸ் 2015-ல் முதலில் புத்தகமாக வந்தது, 2017-ல் ஜனாதரின் பேரில் வந்த நூலில் மறுபடி அச்சானது. நல்ல கிளாஸ், அதில் சந்தேகமே இல்லை. மூன்றாம் லெவலில் ஃபேன்ஸி ஃபுட்வொர்க் கிடைக்கும். உங்கள் முறையில் ஒருவரைக் கைச்சண்டை ஆயுதத்தால் தாக்கினால் போதும், அடி பட்டாலும் படாவிட்டாலும், அந்த முறை முடியும்வரை அவரால் உங்கள்மீது ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவரை இலவசமாக ஒரு அடி அடிப்பது) செய்ய முடியாது. இரண்டு கையிலும் கத்தி இருந்தால், முறையின் முக்கியச் செயலான ஆக்‌ஷனில் ஒருவரை, கூடுதல் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனில் இன்னொருவரைத் தாக்கிவிட்டு இருவர் நடுவிலும் நடந்து வெளியே வந்துவிடலாம். கரிஸ்மா (ஆளுமையின் எண்) இனிஷியேட்டிவில் (யார் முறை முதலில் என்பதற்கான பகடையில்) சேர்வதால் சண்டையை முதலில் தொடங்குவதும் பெரும்பாலும் நீங்கள்தான்.

ஆனால் அதன் பெரிய பலம் வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. ரேக்கிஷ் ஆடாசிட்டி மூலம் தனியாக நின்றே ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் அடியோடு சேரும் கூடுதல் சேதம்) போடலாம், ஐந்தாம் லெவலில் அது 3 ஆறுமுகப் பகடை. அதற்கு நீங்களும் எதிரியும் ஒருவருக்கொருவர் 5 அடிக்குள் இருக்க வேண்டும், உங்களைச் சுற்றி 5 அடிக்குள் வேறு எந்த உயிரும் இருக்கக் கூடாது. இப்போது மேல்தளத்தை வரைந்து பாருங்கள். 2019-ல் கப்பல் விதிகளோடு வந்த கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷில் ஒரு பாய்க்கப்பலின் அளவு 100 அடிக்கு 20 அடி. 5 அடிச் சதுரக் கட்டத்தில் அகலம் நான்கே கட்டம். நடுவில் பாய்மரம், ஓரத்தில் பீரங்கி, சுருட்டிவைத்த கயிறு. அதில் இரண்டு கப்பல் ஆட்கள் மோதுகிறார்கள். உங்கள் பக்கத்துக் கட்டம் காலியாக இருப்பது எவ்வளவு நேரம்? எதிரிப் பக்கத்தில் இரண்டாவது ஆள் ஒரு அடி எடுத்து வைத்தாலே அந்தச் சலுகை போயிற்று. உங்கள் நண்பர் எதிரியின் பக்கத்தில் நின்றால் வழக்கமான முறையில் ஸ்னீக் அட்டாக் கிடைக்கும், அது எந்த ரோக்குக்கும் கிடைப்பதுதான்.

கப்பல் தாவும் முதல் கலவரத்தில் ஸ்வாஷ்பக்ளர் சாதாரண ரோக்தான். கூட்டம் கலைந்து, பின்தளத்தில் எதிரிக் கேப்டன் தனியாக நிற்கும்போதுதான் அவருடைய நேரம். அப்படி ஒரு தருணத்துக்காகக் காத்திருக்கப் பிடிக்கும் என்றால் தாராளமாக எடுங்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் நாயகனாக இருக்க வேண்டும் என்று எடுத்தால் ஏமாற்றம்தான். 2024-ல் வந்த புதிய ஆட்டக்காரர் நூலில் இந்தத் துணைக்கிளாஸ் இல்லை என்பதையும் டிஎம்மிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த நூலை மட்டும் வைத்து ஆடுபவர்கள் ரோக்கின் இன்னொரு துணைக்கிளாஸான தீஃப் எடுக்கலாம். ஏறுவதிலும் தாண்டுவதிலும் தீஃப் கில்லாடி. பாய்மரக் கயிறுகளுக்கு நடுவே அதைவிடப் பயன்படும் திறமை இல்லை.

நான் வாதாட விரும்புவது பார்பேரியனுக்காக. கோபத்தின் பலத்தில் சண்டை போடும் முரட்டு வீரரின் கிளாஸ், கடல் என்றால் நிறையப் பேர் நினைத்துக்கூடப் பார்க்காதது. கவசம் இல்லாமலே 10-உடன் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) இரண்டும் சேர்ந்த ஆர்மர் கிளாஸ் (எதிரியின் அடி படாமல் காக்கும் எண்). நடுராத்திரியில் மணி அடித்து எழுப்பினால் லுங்கியோடு எழுந்து வந்து சண்டை போடலாம். முழு இரும்புக் கவசம் போட 10 நிமிஷம், கழற்ற 5 நிமிஷம் ஆகும் என்பதுதான் விதி. கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும்போது அந்த 5 நிமிஷம் யாரிடம் இருக்கிறது? ஐந்தாம் பதிப்பில் தண்ணீரில் கவசத்துக்கென்று தனியாகத் தண்டனை எழுதப்படவில்லை. ஆனாலும் 65 பவுண்டு இரும்போடு மிதக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளும் டிஎம் குறைவு, அந்த டிஎம் பக்கம்தான் நியாயமும் இருக்கிறது.

அதைவிட முக்கியமானது தள்ளுவது. கப்பல் சண்டையில் எதிரியின் உயிர்க்கணக்கான 60 ஹிட் பாயிண்டையும் வெட்டித் தீர்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஓரத்தில் நிற்பவரை 5 அடி தள்ளினால் கடலில். நீந்தத் தனி வேகம் இல்லாதவருக்குத் தண்ணீரில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு அடி செலவாகும். கப்பல் நகர்ந்துகொண்டிருக்கிறது. அவர் திரும்ப ஏறி வருவதற்குள் சண்டை முடிந்திருக்கும். 2014 விதிகளில் தள்ளுவது அத்லெடிக்ஸ் போட்டி. கோபத்தில் இருக்கும் பார்பேரியனுக்கு ஸ்ட்ரெங்த் (வலிமை) சோதனைகளில் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுக்கும் சலுகை, உண்டு. பைரேட் பேக்ரவுண்டில் அத்லெடிக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும்போது என்ன நடக்கும் என்று ஒரு சண்டையில் பார்த்தேன். எங்கள் பார்பேரியன் கோடாலியை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. ஓரமாகவே நடந்து போனார், ஒரு முறைக்கு இரண்டு பேர் வீதம் தண்ணீரில் விழுந்தார்கள். டிஎம் தன் பக்கத்து மினியேச்சர்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் நீலத்துணிமேல் வைத்துக்கொண்டே இருந்தார். 2024 விதிகளில் தள்ளுவது எதிரி தப்பிக்கப் போடும் பகடையாக, சேவிங் த்ரோவாக, மாறிவிட்டது, ஆகவே கோபம் அங்கே உதவாது. பழைய விதிகளில் ஆடுபவர்களுக்கு மட்டும் இந்த யோசனை.

மந்திரவாதிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஃபயர்பால் வேண்டாம். 20 அடி ஆரம், யாரும் போட்டிருக்காத, கையில் பிடித்திருக்காத, தீப்பிடிக்கக்கூடிய எல்லாப் பொருளும் பற்றிக்கொள்ளும். பாய், கயிறு, தார் பூசிய பலகை, கீழே இருக்கும் வெடிமருந்து, நீங்கள் கொள்ளையடிக்க வந்த துணிமூட்டை, எல்லாம் போச்சு. கொள்ளைக்காரருக்கு எதிரிக் கப்பல் முழுதாக வேண்டும். போர்க்கப்பலின் மாலுமியாக ஆடினால் வேறு விஷயம். கொள்ளையராக ஆடும்போது எதிரியை உயிரோடும் சரக்கை முழுசாகவும் பிடிக்கும் மந்திரங்கள்தான் தங்கம். ஹிப்னாடிக் பேட்டர்ன் 30 அடிக் கனசதுரம், நாம் பார்த்த கப்பலின் முழு அகலத்தையும் அடக்கிவிடும். ஃபாக் கிளவுட் முதல் லெவல் மந்திரம், எதிரிப் பீரங்கிக்காரர்களின் கண்ணைக் கட்டிவிடும். மெண்டிங் சின்ன மந்திரம்தான், ஒரு அடிக்குள்ளான உடைப்பை ஒட்டும், ஆனால் செலவே இல்லாமல் திரும்பத் திரும்பப் போடலாம். தச்சர் வேலையை ஆசையோடு செய்ய நினைத்தால், கருவிகளில் மந்திரம் ஏற்றும் ஆர்ட்டிஃபிசர் கிளாஸ் இருக்கிறது.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புயல் மந்திரவாதியான ஸ்டார்ம் சார்சரருக்கு ஆறாம் லெவலில் ஸ்டார்ம் கைட் கிடைக்கிறது. காற்று வீசிக்கொண்டிருந்தால், தன்னைச் சுற்றி 100 அடி ஆரத்துக்குள் அது எந்தப் பக்கம் வீச வேண்டும் என்று போனஸ் ஆக்‌ஷனில் சொல்லலாம். காற்றின் வேகம் மாறாது, திசை மட்டும் மாறும். தரையில் ஆடும் கதையில் இதை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் போகலாம். கடலில் அந்த ஒரு வரிதான் கப்பலின் உயிர். துரத்தி வரும் கப்பல் 300 அடி பின்னால், இரண்டு பேருக்கும் எதிர்க்காற்று. சார்சரர் கொடிமரத்தடியில் நின்று கையைத் திருப்புகிறார். உங்கள் பாய் மட்டும் பின்காற்றில் உப்புகிறது, அவர்கள் பாய் துவண்டு அடித்துக்கொள்கிறது. மந்திர ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்ற கணக்கு) எதுவும் செலவாகவில்லை, ஒவ்வொரு ரவுண்டும் இதையே செய்யலாம். பீரங்கியோ வாளோ இந்தப் பலத்துக்குப் பக்கத்தில் வராது. உங்கள் கேம்பெய்னில் துரத்தல்கள் நிறைய இருக்கப்போகிறது என்றால், யாராவது ஒருவர் இந்தக் கிளாஸை எடுத்தே தீர வேண்டும் என்பேன்.

க்ளெரிக் (சாமியார்), ட்ரூயிட் (இயற்கையிடமிருந்து மந்திரம் பெறுபவர்) இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கப்பல் வைத்தியருக்கு வரலாற்றிலேயே நல்ல முன்னோடி உண்டு. லயனல் வேஃபர் என்ற வைத்தியர் கொள்ளையர்களோடு பயணம் செய்தவர், வெடிமருந்து வெடித்து முழங்காலில் அடிபட்டு, 1681-ல் பனாமாவில் குனா மக்களிடையே தங்கினார். காயம்பட்ட வைத்தியர் அறியாத மக்களுக்கு நடுவே, கேரக்டரின் முன்கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மந்திரங்கள் பக்கம் வந்தால், குடிதண்ணீர் உண்டாக்குவதும் கெட்டுப்போன உணவைச் சுத்தப்படுத்துவதும் முதல் லெவலிலேயே கிடைக்கும். ட்ரூயிடின் மூன்றாம் லெவல் மந்திரமான வாட்டர் ப்ரீதிங் பத்துப் பேருக்கு 24 மணி நேரம் தண்ணீருக்குள் மூச்சுவிடும் வசதி தரும், அதுவும் ரிச்சுவலாக (நிதானமாகச் சடங்கு செய்து) போடலாம் என்பதால் ஸ்லாட் வீணாகாது. மூழ்கிய கப்பலைத் தேடும் கதைக்கு இது ஒன்றே போதும். 2024 நூலில் ட்ரூயிடுக்கு சர்க்கிள் ஆஃப் த சீ என்றே ஒரு வழி வந்துவிட்டது. டெம்பெஸ்ட் க்ளெரிக் கம்பீரமானது, ஆனால் அது கனத்த கவசத்தை நோக்கி உங்களைத் தள்ளும், மேலே சொன்ன கவலை திரும்ப வரும்.

ரேஞ்சருக்கு வில்லியம் டாம்பியரைப் படியுங்கள். கொள்ளையரோடு திரிந்தவர், மூன்று முறை உலகைச் சுற்றியவர், காற்றையும் நீரோட்டத்தையும் செடிகொடிகளையும் குறிப்பெடுத்துக்கொண்டே போனவர். வழிகாட்டி என்ற வேலைக்கு, காடுமேடு அறிந்த ரேஞ்சர் கிளாஸ் கச்சிதமாகப் பொருந்தும். ஏதோ ஒரு சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெறும் வார்லாக்கில் ஃபேதம்லெஸ் என்ற துணைக்கிளாஸை எடுத்தால் முதல் லெவலிலேயே 40 அடி நீச்சல் வேகமும் தண்ணீருக்குள் மூச்சும் கிடைக்கும். கடலடியில் இருக்கும் ஏதோ ஒன்றுக்குக் கடன்பட்டவர் என்பதால் டிஎம்முக்கும் கதை நிறையக் கிடைக்கும். பாலடின் (புனித வீரர்), மங்க் (கைச்சண்டைத் துறவி) எடுப்பவர்களை நான் தடுக்க மாட்டேன், கப்பல் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் தராது, அவ்வளவுதான்.

போர்வீரரான ஃபைட்டரில் பேட்டில் மாஸ்டர் என்ற துணைக்கிளாஸ் எனக்கு மிகவும் பிடித்தமானது. டெக்ஸ்டெரிட்டியை உயர்த்தி, இலகு கவசத்தில், நீளமான மெல்லிய வாளோடு ஆடினால் நாடகத்தனமான வாள்வீச்சு முழுக்க இங்கேதான் இருக்கிறது. ரிபோஸ்ட், எதிரி தவறவிட்ட அடிக்கு உடனே பதிலடி. டிஸ்ஆர்மிங் அட்டாக், வாளைத் தட்டிவிடுவது. கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக், உங்கள் அடியை விட்டுக்கொடுத்துக் கூட்டாளியை அடிக்க வைப்பது. பிஸ்டல் ஆசை இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 நூலில் பிஸ்டலும் மஸ்கெட்டும் ஆயுதப் பட்டியலிலேயே வந்துவிட்டன. ஆனால் லோடிங் (சுட்டதும் குண்டு நிரப்ப வேண்டும்) என்ற குணம் இருப்பதால் இரண்டு அட்டாக் இருந்தாலும் ஒரு பிஸ்டலிலிருந்து ஒரு ஆக்‌ஷனில் ஒரே குண்டுதான். கடற்கொள்ளையர் பிளாக்பியர்ட் மார்பில் பல பிஸ்டல்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார் என்று சொல்வார்களே, ஆட்டத்திலும் அதுதான் வழி. ஒன்றைச் சுட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பிளாக்பியர்ட் என்றதும் இன்னொன்று. 1718 மே மாதம் அவர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே அடைத்து நின்று பிணைக்கைதிகளை வைத்துக்கொண்டு கேட்டது ஒரு பெட்டி மருந்து. வந்தது, கைதிகளை விட்டுவிட்டார். தாடி, புகை, கொடி எல்லாமே எதிராளி சண்டையில்லாமல் சரணடைவதற்காகத்தான். சண்டை போட்டால் ஆள் சாகும், கப்பல் சேதமாகும், சரக்கு கெடும். ஆகவே கொள்ளையருக்கு ஆட்டத்தில் மிக முக்கியமான எண் கரிஸ்மா என்று நினைக்கிறேன். அந்த எண்ணை முழுதாகப் பயன்படுத்துவது பார்ட், அதாவது பாடகர் கிளாஸ். ராபர்ட்ஸின் இசைக்கலைஞர்களை நினைத்துப் பாருங்கள். எதிர்க்கப்பல் நெருங்கும்போது மேல்தளத்தில் முரசு அடிப்பவர், கொடியை ஏற்றியதும் கூவி மிரட்டுபவர், பிறகு சரணடைந்தவர்களிடம் இனிமையாகப் பேசிச் சரக்கு எங்கே என்று தெரிந்துகொள்பவர், எல்லாம் ஒரே ஆள். இன்டிமிடேஷனிலோ (மிரட்டல்) பெர்ஸ்வேஷனிலோ (பேசி இணங்க வைப்பது) எக்ஸ்பர்ட்டீஸ் (இரட்டிப்புத் தேர்ச்சி) எடுங்கள். வாளும் வேண்டும் என்றால் காலேஜ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் என்ற துணைக்கிளாஸ் இருக்கிறது. ஒரே ஒரு கிளாஸைச் சொல் என்று யாராவது கேட்டால் பார்ட் என்றுதான் சொல்வேன், குவார்ட்டர்மாஸ்டர் வேலையில்.

குவார்ட்டர்மாஸ்டரை ஆட்டத்தில் பலர் சாமான் கணக்குப் பார்ப்பவராக நடத்துகிறார்கள். நிஜத்தில் சண்டையும் துரத்தலும் இல்லாத நேரத்தில் கேப்டனையே கட்டுப்படுத்தும் அதிகாரம் அவருக்கு இருந்தது. ஆட்களின் குறைகளைக் கேட்பவர், பங்கு பிரிப்பவர், சின்னச் சண்டைகளைத் தீர்ப்பவர். மேசையில் ஐந்து ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்கும்போது, கேரக்டராகவே இருந்துகொண்டு அவர்களை ஒன்றாகச் சேர்க்கும் உரிமை ஒருவருக்குக் கிடைக்கிறது. தன் கூட்டாளிகளின் பையிலேயே கைவைக்கும் கொள்ளைக்காரரை ஆட நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். அவரை எந்தக் கப்பலும் ஒரு வாரம்கூட வைத்திருக்காது.

கிளாஸை முடிவு செய்வதற்கு முன்னால் டிஎம்மிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கறாராகக் கேளுங்கள், கதையில் எவ்வளவு நேரம் தண்ணீரில். மூன்றில் இரண்டு பங்கு தீவுக்காட்டிலும் பாழடைந்த கோயிலிலும்தான் என்றால் ஸ்டார்ம் கைட் வீண், பேட்டில் மாஸ்டர் எங்கேயும் செல்லும். அடிக்கடி கடலுக்கு அடியில் என்றால் ஆயுதத்தை மாற்றுங்கள். நீச்சல் வேகம் இல்லாதவர்கள் குத்துவாள், ஈட்டி, திரிசூலம் போன்ற சில ஆயுதங்களைத் தவிர மற்றவற்றால் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுச் சிறியதை எடுக்க வேண்டும்). கப்பலில் ஆசையாக வாங்கிய வளைந்த வாள் அங்கே சுமைதான்.

கடைசியாக, முதல் லெவலிலேயே கேப்டன் என்று ஷீட்டில் எழுதிக்கொண்டு வராதீர்கள். ஸ்டீட் பானெட் என்ற பணக்கார நிலக்கிழார் 1717-ல் சொந்தப் பணத்தில் கப்பல் வாங்கி, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கேப்டனானார். கடல் தெரியாதவர் என்பதால் கொஞ்ச நாளிலேயே பிளாக்பியர்ட் கப்பலைத் தன் ஆளிடம் கொடுத்துவிட்டார், பானெட் பயணியாகிப் போனார். இன்னொரு கொள்ளைக் கேப்டன் சார்ல்ஸ் வேன் 1718 நவம்பரில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலைத் தாக்க மறுத்தார், ஆட்கள் வாக்கெடுத்து அவரை இறக்கிவிட்டு குவார்ட்டர்மாஸ்டர் ராக்கமைக் கேப்டனாக்கினார்கள். உங்கள் மேசையிலும் முதல் செஷன் முடியும்போது, எல்லோரும் கேரக்டர்களாக இருந்துகொண்டே வாக்குப் போடுங்கள். அதற்கு முந்தைய செஷன் ஜீரோவில் (ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடித் திட்டமிடும் நாளில்) கிளாஸ் பெயர்களை எழுதாமல் ஒரு தாளில் கேப்டன், குவார்ட்டர்மாஸ்டர், போசன், வழிகாட்டி, வைத்தியர், தச்சர், பீரங்கிக்காரர் என்று எழுதி நடுவில் வையுங்கள். ஆளுக்கொன்றில் பெயர் எழுதட்டும், கேப்டன் வரியை மட்டும் காலியாக விடுங்கள்.